முழங்கை அச்சு

எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறைக்கு ஒரு மியூசியம் உண்டு. பெயர்தான் பெரிது. உண்மையில் அது ஒரு நீளமான அறை, இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, நடுவில் ஒரு மேஜை, மூலையில் ஒரு வாஷ்பேசின். ஃபார்மலின் ஜாடிகளுக்குள் பாம்பு, தவளை, மீன், இரண்டு வாலுள்ள ஒரு பல்லி. இவர்களுக்கெல்லாம் பொறுப்பாளர் நான். பாடம் நடத்துகிற வேலை இல்லை. திரவம் குறைந்தால் ஊற்றுவேன், லேபிள் மங்கினால் மாற்றி எழுதுவேன், காலையில் திறந்து மாலையில் பூட்டுவேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஜாடிக்குள் இருப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

வெளியே இருப்பவர்கள்தான் கேட்பார்கள். "ஏன் மேடம், இந்த மே மாசத்துலகூட ஃபுல் ஹேண்ட் ஜாக்கெட்?" வெயில் அலர்ஜி என்பேன். திருச்சிக்காரர்களிடம் இந்தப் பதில் நன்றாகவே செல்லுபடியாகும், அந்த அலர்ஜி இங்கே எல்லோருக்கும் இருக்கிறது.

உண்மையில் எனக்கு இருப்பது சோரியாசிஸ். கல்யாணமான இரண்டாம் வருடம் இடது முழங்கையில் எட்டணா அளவுக்கு வந்தது. பிறகு இரண்டு கை, முதுகு, முழங்கால் என்று தன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டது. ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தார். மாமியார் அந்தக் காகிதத்தை மரியாதையாகப் பெருமாள் அலமாரியில் வைத்துவிட்டு, என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார். கணவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. படுக்கையில் நடுவே ஒரு போர்வையைச் சுருட்டி வைப்பார், அவ்வளவுதான். அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நாள் தூங்குவது? ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். அப்பா, அம்மா இருந்தவரை வீடு என்று இருந்தது. இப்போது உத்தர வீதிக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட், ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து பேசும் தம்பி, தினமும் காலையில் படுக்கையிலிருந்து நான் கூட்டி அள்ளுகிற வெள்ளைச் செதில்கள். இவைதான் என் குடும்பம்.

எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸிலோ ஆபீசிலோ யாராவது தவறிப்போய் என் கையைத் தொட்டுவிட்டால் நானே முந்திக்கொண்டு, "கையைக் கழுவிக்குங்க" என்று சொல்லிவிடுவேன். அவர்களாக எழுந்து போய்க் கழுவுவதைப் பார்ப்பதைவிட, நான் சொல்லி அவர்கள் கழுவுவது எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் புவியியல் துறைக்கு அந்த மேடம் வந்தார். நிலப்படம் வரைகிற புவியியல் இல்லை, பாறைகளைப் படிக்கிற ஜியாலஜி. பாலக்கரைப் பக்கம் வீடு. முஸ்லிம் குடும்பம். கணவருக்குக் குவைத்தில் வேலை. இங்கே மாமியாரோடு இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சிரித்தால் மூன்று அறை தள்ளிக் கேட்கும். தன் துறையில் உட்கார இடம் இல்லை என்று ஒருநாள் என் மியூசியத்துக்கு டிபன் பாக்ஸோடு வந்தார். மறுநாளும் வந்தார். "எங்க வீட்ல மாமின்னா மாமியார் மட்டும்தான். உங்க ஸ்ரீரங்கத்துல தெரு முழுக்க மாமியாம். எப்படிங்க சமாளிக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது நான் புரையேறும்வரை சிரித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: நாற்பத்தெட்டு வயதில் காலையில் கண் விழித்ததும் ஒருவர் வருவாரா மாட்டாரா என்று கவலைப்பட ஆரம்பித்தேன்.

அந்த வருடக் கண்காட்சிக்கு எங்கள் இரண்டு துறையும் சேர்ந்து ஒரு பகுதி வைக்க வேண்டும் என்றார்கள். தலைப்பை அவர்தான் சொன்னார். நீரிலிருந்து கரையேறிய முதல் நாலுகால் பிராணிகளுக்குச் செதில் தோல் எப்படி வந்தது, அதற்குப் புதைபடிவத்தில் என்ன சாட்சி. ஆங்கிலத்தில் அவர் எழுதுவது, தமிழில் நான் லேபிள் போடுவது என்று ஏற்பாடு.

முதல் லேபிளிலேயே தகராறு. 'மீனின் செதில் ஊர்வனவற்றின் செதிலாக மாறியது' என்று எழுதியிருந்தேன். அவர் பேனாவை எடுத்து அடித்துவிட்டார்.

"மேடம், தமிழ்ல ரெண்டுக்கும் செதில்னு ஒரே சொல்லு இருக்கறதால நீங்க ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்க. மீன் செதில் தோலுக்குள்ளேருந்து முளைக்கிறது, எலும்பு ஜாதி. கத்தியை எதிர்ப்பக்கமா இழுத்தா ஒண்ணொண்ணா தெறிக்கும். பல்லிக்கும் பாம்புக்கும் அப்படி இல்ல. மேல்தோலே தடிச்சு மடிஞ்சிருக்கு. தனியா ஒண்ணைப் பிடுங்க முடியாது. பாம்பு சட்டை உரிச்சா முழுசா வருதே, அதான். நீங்க மீன் ஆஞ்சதே இல்லையா?"

"ஃபார்மலின் மீனைத்தான் எனக்குத் தெரியும். அதுக்குத் தீட்டு கிடையாது" என்றேன்.

மறுநாள் ஒரு சின்ன டப்பாவில் கெண்டை மீன் செதில்களைக் கழுவி எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளத்தது. "தொடுவீங்களா?" என்று கேட்டார், கண்ணில் விஷமத்தோடு. தொட்டேன். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு வளையம் வளையமாகத் தெரிந்த கோடுகளைக்கூட எண்ணினேன். "வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சாகணும்" என்று வேறு சொன்னேன், விளையாட்டுக்குத்தான். "எங்க மாமியும் மீன் ஆஞ்சா குளிச்சுட்டுத்தான் மறுவேலை. கவிச்சி தாங்காது" என்று அவரும் சிரித்தார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல எனக்கு விஷயம் பிடிபட்டது. எலும்பு கல்லாகித் தங்கும், தோல் அழுகிப் போய்விடும். அதனால் தோலைப் பற்றிச் சாட்சி கிடைப்பது அபூர்வம். கரையேறிய ஆரம்பப் பிராணிகள் சிலவற்றுக்கு வயிற்றுப் பக்கம் எலும்புச் செதில்கள் இருந்தன, மீனிடமிருந்து வந்த சீதனம். அவை எலும்பு என்பதால் மிஞ்சின. கொம்பும் நகமும் எதனால் ஆனதோ அந்தப் பொருளால் ஆன புதுச் செதிலுக்குத்தான் சாட்சி கஷ்டம். எங்கோ ஒரு குகையில், பாறையிலிருந்து கசிந்த கச்சா எண்ணெயில் ஊறியதால், நகத்தளவுத் தோல் துணுக்கு ஒன்று முதலைத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக அப்படியே இருந்திருக்கிறது. மற்றபடி இருப்பதெல்லாம் சேற்றில் பதிந்த அச்சுதான். முப்பது கோடி வருடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, ஏதோ ஒரு பிராணி ஈரச் சேற்றில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. எலும்பு இல்லை, பல் இல்லை, வயிறும் வாலும் பட்ட இடத்தில் செதில் வரிசை மட்டும் இருக்கிறது.

"நடந்தா கால்தடம்தான் மேடம் கிடைக்கும். தோல் கிடைக்கணும்னா அது கொஞ்ச நேரம் ஆடாம படுத்திருக்கணும்" என்றார்.

"அந்த அச்சுல இருக்கறது எலும்புச் செதிலா, கொம்புச் செதிலா?"

"அதான் சண்டையே. அச்சு வடிவத்தைச் சொல்லும். எதனால ஆனதுன்னு சொல்லாது. சுத்தி வேற என்ன இருக்குன்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

எலும்புச் செதில், கொம்புச் செதில். தமிழுக்கு இரண்டு சொல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அன்று இரண்டு கப் காபி குடித்தோம்.

மாதிரிக்கு அச்சுகள் நாங்களே செய்வது என்று முடிவானது. மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் எங்கள் அட்டெண்டர் வயல் களிமண்ணை அரிசிச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். களிமண்ணைத் தட்டில் பரப்பி, அதில் பொருளை அழுத்தி எடுத்து, பள்ளத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினால் கல் மாதிரி வரும். கெண்டைச் செதில், பாம்புச் சட்டை, ஜாடியிலிருந்து எடுத்த ஓணான் என்று வரிசையாகச் செய்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மதியமே கிளம்பிவிட்டார். தனியாகச் சாப்பிட்டேன். பத்தொன்பது வருடம் தனியாகச் சாப்பிட்ட அறைதான், ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. மேஜையில் ஒரு தட்டுக் களிமண் மீதி இருந்தது. கதவைச் சாத்தினேன். இடது கை ஜாக்கெட் பட்டனைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம்வரை களிமண்ணில் வைத்து அழுத்தினேன்.

ஏன் செய்தேன்? எங்கள் கண்காட்சிக்குத் தேவையானது மேல்தோல் தடித்து உண்டான செதில் என்றால், திருச்சியில் என் கையைவிட நல்ல ஸ்பெசிமன் கிடையாது என்ற கிண்டல் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வைத்த பிறகு எடுக்க மனம் வரவில்லை. களிமண் சில்லென்று இருந்தது. எரிச்சல் அடங்கியது. அவ்வளவு நேரம் என் கையை எதுவும் முகம் சுளிக்காமல் பிடித்திருந்ததில்லை. அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்டர் கரைத்து ஊற்றினேன்.

திங்கட்கிழமை அவர் வந்து அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரஷ்ஷால் மண் தட்டினார். என்னுடையதை எடுத்ததும் நின்றுவிட்டார்.

"அல்லாவே, எவ்வளவு அழகா வந்திருக்கு! எது மேடம் இது?"

"உடும்பு" என்றேன்.

அவர் விரலால் அதை மேலிருந்து கீழே தடவினார். மேடு, பள்ளம், பிளவு என்று ஒவ்வொன்றாக. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பொய் சொன்னது தப்பாகவே தோன்றவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் தடவட்டும் என்றுதான் இருந்தது. பிறகு லென்ஸை எடுத்தார்.

"முடி இருக்கே மேடம். இங்க பாருங்க, மெலிசா கோடு. உடும்புக்கு முடி கிடையாதே."

அச்சைப் பார்த்தார். அதன் வளைவைப் பார்த்தார். என் முழுக்கை ஜாக்கெட்டைப் பார்த்தார். சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிற படிப்பல்லவா.

"உங்களோடதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். அவர் பின்வாங்கவில்லை. பிளாஸ்டர் தூள் படிந்த வலது கையால் என் முழங்கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்தத் தடிப்பின் மேல் வைத்தார். "வலிக்குமா மேடம்?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் டாக்டர்களைத் தவிர யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. எனக்குப் பயம் வந்தது. இப்போது இவர் கையை எடுப்பார், எடுத்த கையைத் தன்னையறியாமல் புடவையில் துடைப்பார், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். இவர் துடைப்பதை என்னால் பார்க்க முடியாது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கையை அலம்பிக்கோங்கோ."

ஆபீசில் எல்லோரையும் போல 'கழுவுங்க' என்றுதான் பேசுவேன். அன்று பதற்றத்தில் எங்கள் வீட்டு வார்த்தை வந்து விழுந்தது. அவர் முகத்தில் விளக்கு அணைந்த மாதிரி ஆயிற்று. "சரிங்க மேடம்" என்றார். வாஷ்பேசினுக்குப் போய் நிதானமாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிபன் பாக்ஸ் மேஜையிலேயே இருந்தது, திறக்காமல்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமை லேபிள் வாசகங்களை வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே 'நன்றி மேடம்' என்று ஒரு வரி. அன்று மாலை டிபன் பாக்ஸை வாங்கிக்கொள்ள வந்தவர் உள்ளே வரவில்லையாம். அட்டெண்டர்தான் வந்து கேட்டார். "வாசல்லயே நிக்கிறாங்க மேடம். உள்ள வாங்கன்னா, இல்ல பரவால்லங்கறாங்க."

எனக்கு அது எதிர்பார்த்ததுதான் என்று இருந்தது. தோலைப் பார்த்துவிட்டார், அருவருப்பு வந்துவிட்டது, படித்தவர் என்பதால் நாகரிகமாக விலகுகிறார். என் கணிப்பு தப்பவில்லை என்பதில் ஒரு கசப்பான திருப்திகூட. 'பரவாயில்லை, பத்தொன்பது வருடம் நடந்த மாதிரி நடக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மதியம் ஒரு மணி ஆனால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கும்போது, இரண்டாம் மாடி மாமி, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "கையை அலம்பிண்டு அப்புறம் குடத்தைத் தொடு." அந்தப் பெண் குழாயடிக்குப் போனாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாமியின் குரல் என் குரலாகவே கேட்டது. ஸ்ரீரங்கத்து வீட்டு மனுஷி ஒருத்தி, பாலக்கரை வீட்டுப் பெண் தன்னைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு, 'அலம்பிக்கோங்கோ' என்று சொன்னால் அதற்கு இந்த ஊரில் என்ன அர்த்தம்? என் கையை நினைத்துத்தான் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். என் தோலுக்கு அருவருத்து அவர் வாசலில் நிற்கவில்லை. தன்னை உள்ளே விடமாட்டேன் என்று நினைத்து நின்றிருக்கிறார். நானோ நாலு நாளாக என் தோலுக்காக அழுதுகொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

அன்று கல்லூரியில் அவர் கண்ணில் படவில்லை. லீவு என்றார்கள். மாலையில் வீட்டுக்குப் போய் உடை மாற்றி, பஸ் பிடித்துப் பாலக்கரையில் இறங்கி, அட்டெண்டர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வந்தது.

அவர்தான் கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உள்ள வாங்க மேடம்" என்றார். அதில் பழைய சிரிப்பு இல்லை.

நான் நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது என் கையைப் பத்தி. என்னைத் தொட்டவா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன். அவா போய்க் கழுவறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். உங்களைச் சொல்லலை. சத்தியமா உங்களைச் சொல்லலை."

உள்ளே குக்கர் சத்தம் கேட்டது.

"நான் தொட்டது உங்களுக்குப் பிடிக்கலைன்னுதான் நெனச்சேன். அன்னிக்கு மீன் செதிலைத் தொட்டுட்டு, குளிக்கணும்னீங்களே, அதுவும் விளையாட்டு இல்லையோன்னு தோணிச்சு" என்றார். பிறகு வலது கையை விரித்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நாலு நாளா இந்தக் கையைத்தான் மேடம் பாத்துக்கிட்டிருக்கேன்."

நானும் பார்த்தேன். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான கை. ஒரு தழும்புகூடக் கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று அவரை நாலு நாள் தேட வைத்தவள் நான்.